தேங்காய்த் தொட்டியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன்: எல்லையோரத்தில் ஆலை வைத்தால் காற்றுக்கும் கிணற்றுக்கும் என்ன ஆகும்?

கோபாலபுரம் தோப்பு

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டித் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நாங்கள் சிலர் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினர்களாக இருக்கிறோம். கொப்பரைக் களங்களில் சேரும் தேங்காய்த் தொட்டியை (கொட்டாங்குச்சியை) இதுவரை வியாபாரிகளுக்கு எடை போட்டு விற்று வருகிறோம். அதை நாமே கரியாக்கி, அந்தக் கரியை மேலும் பதப்படுத்தி, வடிகட்டிகளில் பயன்படும் நுண்துளைக் கரியான ஆக்டிவேட்டட் கார்பனாக விற்றால் பல மடங்கு விலை கிடைக்கும் என்று ஓர் ஆலோசகர் திட்ட அறிக்கை தந்திருக்கிறார். தாவரக் கழிவிலிருந்து செய்வதால் இது முழுக்க முழுக்கப் பசுமைத் தொழில் என்றும், தண்ணீரைச் சுத்தம் செய்யும் பொருளைத் தயாரிக்கும் ஆலை தண்ணீரைக் கெடுக்க வழியில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை எங்களில் பாதிப் பேர் நம்பவில்லை. சுருள் வெள்ளை ஈயும் கேரள வாடல் நோயும் வந்த பிறகு தோப்பு வருமானம் படுத்துவிட்டதால் மீதிப் பேர் நம்ப விரும்புகிறார்கள். கரி சுடும்போது உண்மையில் என்னென்ன வெளியேறுகின்றன, எங்கள் கிணறுகளுக்கு ஆபத்து உண்டா, விலை கூடும் என்ற ஒரே காரணத்துக்காக இதில் இறங்கலாமா என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஆய்வக மேசை

இத்துறையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். ஆலோசகர் சொன்னதில் ஒரு பாதி சரிதான். தேங்காய்த் தொட்டியில் சாம்பல் குறைவு, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மிகுதி, அடர்த்தியும் அதிகம். அதனால் கிடைக்கும் கரி கடினமாகவும், 2 நானோமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள நுண்துளைகள் நிறைந்ததாகவும் அமைகிறது. குடிநீரிலுள்ள குளோரின் வாடையைப் போக்கவும், பூச்சிக்கொல்லி எச்சம் போன்ற சிறு மூலக்கூறுகளைப் பிடிக்கவும், தங்கச் சுரங்கங்களில் சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தை ஈர்க்கவும் உலகெங்கும் இதைத்தான் தேடி வாங்குகிறார்கள். முதல் உலகப் போரின்போது நச்சுவாயு முகமூடிக்குத் தேங்காய் ஓட்டுக் கரியே சிறந்தது என்று கண்டு, ஓடு போதாமல் 1918-இல் அமெரிக்காவில் பழக்கொட்டைகளைக்கூடப் பொதுமக்களிடம் சேகரித்தார்கள்.

தயாரிப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் காற்று குறைந்த சூழலில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கித் தொட்டியைக் கரியாக்க வேண்டும். அடுத்து அந்தக் கரியை உடைத்து, சலித்து, சுழல் உலையில் 800 முதல் 1000 டிகிரி வரையிலான வெப்பத்தில் நீராவி செலுத்த வேண்டும். நீராவி கரியின் உட்சுவரை அரித்து, அரித்த பகுதியைக் கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் கொண்டுபோய்விடுகிறது. அரித்த இடம் துளையாக நிற்கிறது. எவ்வளவுக்கு அரிக்கிறோமோ அவ்வளவுக்கு உட்பரப்பு கூடும், அவ்வளவுக்கு எடையும் போகும். ஒரு கிராம் நல்ல கரியின் உட்பரப்பு 1000 சதுர மீட்டர் அளவுக்கு இருக்கும். சந்தையில் கேட்கும் அயோடின் எண் 1000 என்றால், ஒரு கிராம் கரி 1000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம் அயோடினைப் பிடித்துக்கொள்கிறது என்று பொருள்.

இந்த இரண்டாம் கட்டத்தில் வரும் வாயு எரியக்கூடியது என்பதால், ஒழுங்காக நடக்கும் ஆலையில் அதை எரித்து அந்த வெப்பத்திலேயே கொதிகலனை ஓட்டிவிடுவார்கள். ஆகவே நீங்கள் முதலில் கவலைப்பட வேண்டியது நீராவி உலையைப் பற்றி இல்லை. அதற்கு முந்தைய கரிக்குழியைப் பற்றி. ஆலோசகரின் அறிக்கையில் கரி சுடும் கட்டத்துக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார் என்று பாருங்கள்.

கோபாலபுரம் தோப்பு

உங்கள் விளக்கத்துக்கு நன்றி ஐயா. அறிக்கையைப் புரட்டிப் பார்த்தேன். "கரி உள்ளூர்ச் சூளைகளிலிருந்து கொள்முதல் செய்யப்படும்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்.

வடக்குக் காடு

அந்த ஒரே வரிக்குள்தான் எங்கள் கிணறு இருக்கிறது, அண்ணா.

எங்கள் காட்டுக்குப் பக்கத்து நிலத்தை ஒருவர் குத்தகைக்கு எடுத்துத் தொட்டிக்கரி சுட ஆரம்பித்தார். காலையில் தொட்டியைக் குழிக்குள் கொட்டித் தீ வைத்து, தீ பரவப் பரவ மேலும் கொட்டி, நிறைந்ததும் தகரத்தையும் மண்ணையும் போட்டு மூடுவார்கள். முதலில் வெள்ளையாக வரும் புகை மெல்ல மஞ்சள் கலந்து தடித்துத் தரையோடு தவழ ஆரம்பிக்கும். பனிக்காலத்து அதிகாலையில் அது மேலெழும்பாமல் வீட்டு முற்றத்திலேயே படுத்துக்கிடக்கும். கண் எரியும், துவைத்துக் காயப்போட்ட துணியில் புளித்த வாடை ஏறும். ஆனால் புகை காற்று மாறினால் போய்விடும் என்று நாங்கள் பொறுத்துக்கொண்டோம். கரி வெந்ததும் ஓஸைப் பிடித்துத் தண்ணீர் அடித்து அணைப்பார்கள். அந்தத் தண்ணீர் குழிக்குள்ளும் ஓரத்திலும் கறுப்பாகத் தேங்கி, மேலே வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதக்க, இரண்டு மூன்று நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடும். மறுபடி சுடுவார்கள், மறுபடி அடிப்பார்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் அடுத்த கோடைக்குள் பால் விடாத தேநீரைப் போல ஆகிவிட்டது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. குளோரின் மாத்திரை போட்டுப் பார்த்தோம். வாடை இன்னும் மோசமானது. புகார் கொடுத்து, அதிகாரிகள் வந்து, சூளையை மூட வைத்தார்கள். மூடிய பிறகும் தண்ணீர் இன்றுவரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சூளைக்காரர் வேறு ஊரில் குழி தோண்டிவிட்டார் என்று கேள்வி.

சித்தூர் வாத்தியார்

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூரில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். குளோரின் போட்டதும் வாடை கூடியது என்று நண்பர் எழுதியது முக்கியமான தடயம். மரத்தன்மையுள்ள எந்தப் பொருளைக் காற்றில்லாமல் சுட்டாலும் லிக்னின் சிதைந்து பீனால் வகைச் சேர்மங்கள் வெளிவரும். அசிட்டிக் அமிலம், மெத்தனால், தார் ஆகியவையும் உடன் வரும். புளித்த வாடைக்குக் காரணம் அந்த அமிலம். பீனாலும் குளோரினும் சேர்ந்தால் குளோரோபீனால்கள் உண்டாகும். மிக மிகச் சிறிய அளவிலேயே அவற்றின் மருந்து வாடை நாக்கில் தெரிந்துவிடும். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயத்தில் பீனால் சேர்மங்களுக்கு ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்தான். வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 0.002 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதாவது, ஒரு கிராம் பீனால் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். குழியில் தண்ணீர் அடித்து அணைக்கும் முறையை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் கிணறு ஏன் திரும்பவில்லை என்பது விளங்கும்.

காற்றின் கணக்கையும் எழுதிவிடுகிறேன். 100 கிலோ உலர்ந்த தொட்டியில் ஏறக்குறைய 50 கிலோ கார்பன் இருக்கிறது. அதைச் சுட்டால் சுமார் 30 கிலோ கரி கிடைக்கும். அதில் தங்கியிருக்கும் கார்பன் 25 கிலோ அளவு. ஆக, முதல் கட்டத்திலேயே பாதிக் கார்பன் புகையாகப் போய்விடுகிறது. அந்த 30 கிலோ கரியை நீராவியில் பதப்படுத்தினால் கையில் மிஞ்சுவது 10 முதல் 15 கிலோ. தொட்டியில் இருந்த கார்பனில் நான்கில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. இதில் கவனிக்க வேண்டியது, போன கார்பன் எந்த வடிவில் போனது என்பதே. முழுக்க எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போனால், தென்னை காற்றிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததாகக் கணக்கு ஓரளவுக்கு நேராகும். மூடிய குழியில் அரைகுறையாக வெந்து மீத்தேனாகப் போனால் கணக்கு நேராகாது; நூறாண்டு அளவில் பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். "தாவரக் கழிவு, ஆகவே பசுமை" என்ற வாதம் குழிச்சூளையின் வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

தொட்டி மண்டி

எல்லாரும் சூளைக்காரரையே குற்றவாளியாக்குவதால் வியாபாரத் தரப்பிலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவதாக, தொட்டியைக் கழிவு என்று அழைப்பதை நிறுத்துங்கள். இந்தப் பகுதியில் ஒரு தொட்டிகூடக் குப்பைக்குப் போவதில்லை. செங்கல் சூளைக்கும் ஓட்டல் அடுப்புக்கும் எரிபொருளாகப் போகிறது. மாவாக அரைத்துக் கொசுவத்திக்கும் பிளைவுட்டுக்கும் போகிறது. மீதிதான் கரிக்கு வருகிறது. ஆக்டிவேட்டட் கார்பனுக்கு வெளிநாட்டில் கிராக்கி கூடும்போதெல்லாம் தொட்டி விலை ஏறி, மற்றவர்கள் சீமைக்கருவேல விறகுக்கோ நிலக்கரிக்கோ மாறிக்கொள்கிறார்கள். அந்த மாற்றத்தால் வரும் புகையை எந்த அறிக்கையிலும் யாரும் எழுதுவதில்லை.

இரண்டாவதாக, தண்ணீர் அடிப்பது சூளைக்காரரின் விருப்பத்தால் நடப்பதில்லை. கரி ஆறாமல் லாரியில் ஏற்றினால் வழியில் தீப்பிடிக்கும். குழியைக் காற்றுப் புகாமல் மூடித் தானாக ஆறவிட்டால் கூடுதல் நாள் பிடிக்கும். அத்தனை நாளைக்கு இன்னொரு குழி வேண்டும், முதலும் முடங்கும். அன்றாடம் காசு பார்த்தால்தான் ஆளுக்குக் கூலி கொடுக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்தான் குழி வைக்கிறார். அவரிடம் கரி வாங்கி ஏற்றுமதி செய்பவர் கையில் அழுக்குப் படுவதில்லை.

வடக்குக் காடு

மண்டிக்காரர் அண்ணா, உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் தண்ணீர் அடித்தால் எடையும் ஏறும் என்பதை நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

தொட்டி மண்டி

விடவில்லை. வாங்குபவர் ஈரப்பதம் பார்த்து எடையைக் கழித்துவிடுவார். அதைத் தெரிந்தும் அடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை.

கொழிஞ்சாம்பாறை வாசகி

நாங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள். இந்த விவாதம் எங்களையும் தொடுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆழியாறு எல்லையைத் தாண்டியதும் சித்தூர்ப்புழையாகி, பின்பு பாரதப்புழையில் சேர்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவு அணைக்கட்டில் அளந்து எங்களுக்கு விட வேண்டும். அளவைப் பற்றி இரண்டு மாநில அதிகாரிகளும் எத்தனையோ முறை உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அணைக்கட்டுக்கு மேற்புறம் நீங்கள் எங்கே குழி வைத்தாலும் வடிகால் எங்களை நோக்கித்தான் வரும். அங்கே புகார் எழுந்தால் சூளை எல்லையைத் தாண்டி எங்கள் ஊராட்சிக்குள் வந்து உட்காரும். இரண்டு மாநிலத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தனித்தனி என்பதால் ஒரு பக்கத்தில் மூடப்பட்டவர் மறுபக்கத்தில் புதியவர் ஆகிவிடுகிறார். பிளாச்சிமடை எங்கள் வட்டத்தில்தான் இருக்கிறது. 2000-இல் திறந்த குளிர்பான ஆலை, நிலத்தடி நீருக்காக மக்கள் போராடியதையடுத்து 2004-இல் நின்றது. நிலத்தடி நீர் என்றாலே எங்கள் பெண்கள் ஏன் கொதிக்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இன்னொரு சந்தேகம். எங்கள் கிழக்குப் பகுதிக் கிணறுகளில் புளோரைடு உண்டு, உப்பும் கடினத்தன்மையும் உண்டு. ஆலை வந்தால் உள்ளூர் மக்களுக்குக் கரி வடிகட்டி இலவசமாகக் கொடுப்போம் என்று இப்படிப்பட்ட திட்டங்களில் சொல்வது வழக்கம். அந்தக் கரி எங்கள் தண்ணீருக்கு உதவுமா?

ஆய்வக மேசை

உதவாது அம்மா. சாதாரண ஆக்டிவேட்டட் கார்பன் கரிமப் பொருள்களையும் வாடையையும் நிறத்தையும் குளோரினையும் பிடிக்கும். கரைந்த உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட் ஆகியவற்றை அது பெரும்பாலும் அப்படியே போகவிட்டுவிடும். புளோரைடிலும் அதன் பிடிப்பு மிகக் குறைவு. புளோரைடுக்கு ஆக்டிவேட்டட் அலுமினா, எலும்புக்கரி, படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிய வைக்கும் நல்கொண்டா முறை என வேறு வழிகள் உள்ளன. எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) கருவியில் கரிக்குழாய் வைப்பதுகூட, குளோரின் பட்டால் சவ்வு கெட்டுவிடும் என்பதற்காகத்தான். திருப்பூர்ச் சாயக் கழிவுநீரில் நிறத்தைக் கரி எடுத்துவிடும், உப்பை எடுக்காது. நொய்யலில் பிரச்சினை நீடித்ததற்கும் 2011-இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதற்கும் பின்னால் அந்த உப்புக்கும் பெரும் பங்குண்டு. இலவச வடிகட்டி தருகிறோம் என்று யாராவது வந்தால் எந்தப் பொருளை எத்தனை லிட்டர் வரை நீக்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்வியால் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நீராவி உலைக்கு மென்னீர் வேண்டும். நம் பகுதியின் கடினநீரைக் கொதிகலனுக்குள் விட முடியாது. மென்னீராக்கும் கருவியை உப்புக் கரைசல் விட்டுத்தான் புதுப்பிக்க வேண்டும். அந்த உப்புக் கழிவு எங்கே போகிறது என்ற கேள்வியும் அறிக்கையில் இருக்க வேண்டும். கரியில் சாம்பலைக் குறைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவும் ஆலைகளிலும் இதே கேள்விதான் எழும். பொட்டாசியம் குளோரைடு கலந்த அமிலக் கழுவுநீர் மிஞ்சும்.

மார்த்தாண்டம் சிரட்டை

எங்கள் பக்கத்தில் சிரட்டை வீட்டு அடுப்பிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆனால் முந்திரிக்கொட்டை ஓடு மலைபோல் குவிகிறது. அதிலிருந்து செய்ய முடியாதா?

ஆய்வக மேசை

முந்திரி ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருக்கிறது. எண்ணெயை முழுக்க எடுத்த பிறகு மிஞ்சும் ஓட்டைத்தான் யோசிக்க வேண்டும். எண்ணெயோடு திறந்த குழியில் சுட்டால் வரும் புகை தேங்காய்த் தொட்டிப் புகையைவிடக் கடுமையாக இருக்கும்.

மாம்பழ மாணவி

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், குப்பத்தை ஒட்டிய பகுதியைச் சேர்ந்தவள். முதுகலை வேதியியல் படிக்கிறேன். எங்கள் பகுதியிலும் அந்தப் பக்கம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலும் மாம்பழக்கூழ் ஆலைகளில் பருவத்தில் டன் கணக்கில் மாங்கொட்டை சேர்ந்து அழுகுகிறது. அதைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து 450 டிகிரியில் சுட்டு, மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை நீக்கும் ஆய்வை ஆய்வேட்டுக்காகச் செய்துகொண்டிருக்கிறேன். உயர் வெப்ப நீராவி தேவையில்லை, விளைச்சலும் அதிகம் என்பதால் சுற்றுச்சூழலுக்கு இந்த முறை மேலானது என்று எழுதலாமா?

சித்தூர் வாத்தியார்

எழுதலாம் அம்மா, ஆனால் கழுவுநீரையும் சேர்த்து எழுத வேண்டும். அமிலம் லிக்னினையும் செல்லுலோஸையும் குறைந்த வெப்பத்திலேயே பிணைத்து இறுக்கிவிடுவதால் தார் குறைகிறது, கரி அதிகம் மிஞ்சுகிறது. நீ சொன்னது சரி. ஆனால் சுட்ட கரியின் துளைகளுக்குள் பாஸ்பேட்டு அடைந்து நிற்கும். கழுவும் நீரின் அமிலத்தன்மை போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவினால்தான் துளை திறக்கும். ஒரு கிராம் கரிக்கு எத்தனை மில்லிலிட்டர் கழுவுநீர் செலவானது, அதில் எவ்வளவு அமிலத்தை மீட்டாய் என்ற இரண்டு எண்களை உன் ஆய்வேட்டில் அட்டவணையாகப் போடு. "மலிவான உறிஞ்சுபொருள்" என்ற தலைப்போடு வரும் ஆய்வுக்கட்டுரைகளில் வேப்பங்கொட்டை முதல் பலாத்தோல் வரை எல்லாவற்றையும் சுட்டுப் பார்த்திருப்பார்கள். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை இந்தக் கழுவுநீர்க் கணக்கைத் தொடவே இல்லை. மீட்காத பாஸ்பேட்டு ஏரிக்குப் போனால் பாசியும் ஆகாயத்தாமரையும் செழிக்கும். ஒரு காலத்தில் பரவலாக இருந்த துத்தநாகக் குளோரைடு முறையை உலகம் கைவிட்டு வருவதற்கும் கழுவுநீரில் போகும் துத்தநாகமே முக்கியக் காரணம்.

மெத்திலீன் நீலத்தை மட்டும் வைத்து மதிப்பிடாதே. அது பெரிய மூலக்கூறு. சற்றே அகன்ற துளைகளைத்தான் காட்டிக்கொடுக்கும். அயோடின் எண்ணையும் பார். நெல் உமியை ஒப்பீட்டுக்கு எடுத்தால், அதன் எடையில் 15 முதல் 20 விழுக்காடு சாம்பல், அதுவும் பெரும்பாலும் சிலிக்கா என்பதை மறக்காதே. உமிக்கரி பின்தங்குவது உன் முறையின் குறையாக இருக்காது.

கோபாலபுரம் தோப்பு

நாங்கள் கேட்டதைவிட அதிகமாகவே தெரிந்துகொண்டோம். மண்டிக்காரர் அண்ணா சொன்னபடி குழி வைப்பவரின் நிலைமை அதுதான் என்றால், குழியே இல்லாமல் கரி சுடும் வழி எது? நாங்கள் நேரடியாக நீராவி செலுத்தும் ஆக்டிவேஷன் உலை வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஆய்வக மேசை

உலையை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு தேங்காயின் தொட்டி 100 முதல் 150 கிராம் எடை இருக்கும். ஒரு டன் ஆக்டிவேட்டட் கார்பனுக்குச் சுமார் எட்டு டன் தொட்டி தேவை என்று வைத்தால், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தேங்காய் வேண்டும். சுழல் உலையை அணைத்து அணைத்து ஏற்ற முடியாது. இரவும் பகலும் ஓட வேண்டும். நாள்தோறும் சில டன் எடுக்கும் உலைக்கு உங்கள் உறுப்பினர்களின் களங்கள் மட்டும் தீனி போட முடியாது. தொட்டி போதாதபோது வெளிக் குழிகளிலிருந்து கரி வாங்கத் தொடங்குவீர்கள், வடக்குக் காட்டுக்காரரின் கிணற்றுக்கே திரும்பிப் போவீர்கள். என் கருத்தில் உங்கள் அளவுக்குப் பொருந்துவது நல்ல கரி வரைக்கும் செய்து நிறுத்திக்கொள்வது.

குழிக்கு மாற்று, புகையைத் தனி எரிகூடத்துக்குள் இழுத்து எரிக்கும் மூடிய இரும்புச் சூளை. தொட்டியிலிருந்து வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன், தார் ஆவி எல்லாமே எரிபொருள்தான். தொடக்கத்தில் கொஞ்சம் விறகு வைத்து எரிகூடத்தைச் சூடாக்கிவிட்டால் அப்புறம் புகையே தன்னை எரித்துக்கொள்ளும். எரிகூடம் 850 டிகிரியைத் தாண்டியிருந்தால் தாரும் பீனாலும் மிஞ்சுவது அரிது. அந்த வெப்பத்தைக் கொப்பரை உலர்த்தும் அறைக்குத் திருப்பலாம்; மழைக்காலத்தில் களம் காயாமல் கிடக்கும்போது இதன் அருமை தெரியும். ஆனால் எரிந்த வாயுவை நேராகக் கொப்பரை மேல் விடக்கூடாது, வெப்பமாற்றி வழியாகச் சூடான காற்றாகத்தான் விட வேண்டும்.

ஆறவைப்பதற்குத் தண்ணீர் வேண்டாம். சுட்ட கரியை மூடி உள்ள இரும்புப் பீப்பாயில் சூடாகவே தள்ளி, விளிம்பை ஈரமண்ணால் பூசிவிட்டால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து தானாக அணையும். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகும் திறந்து ஒருநாள் நிழலில் பரப்பி வைத்துவிட்டு மூட்டை கட்டுங்கள். புதுக்கரி காற்றோடு சேரும்போது மறுபடி சூடேறும். அதிகப் பீப்பாய் வேண்டும் என்பதே இதன் செலவு.

வெந்த கரியைக் கையால் பார்த்தே சொல்லலாம். சிமென்ட் தரையில் போட்டால் கணீரென்று ஒலிக்க வேண்டும், உடைத்த முகம் பளபளக்க வேண்டும். விரலில் தேய்த்தால் பழுப்பு ஏறினாலோ உடைந்த இடம் மங்கலாக இருந்தாலோ உள்ளே தார் மிச்சம் இருக்கிறது. அதை வாங்கும் ஆலையில் ஆவியாகும் பொருள் அதிகம் என்று விலையைக் குறைப்பார்கள். ஆகவே புகையை ஒழுங்காக எடுப்பது உங்கள் பைக்கும் நல்லது.

தொட்டி மண்டி

அப்படி ஒரே தரமாகக் கரி வந்தால் நானே கூடுதல் விலைக்கு எடுப்பேன். குழிக் கரியில் ஒரு மூட்டைக்குள்ளேயே வெந்ததும் வேகாததும் மண்ணும் கலந்து வருவதுதான் எங்கள் தீராத தொல்லை. தூளை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதிக்காரர் தூள் எடுப்பதில்லை.

சித்தூர் வாத்தியார்

தூளைச் சாணத்தோடும் மாட்டுச் சிறுநீரோடும் ஊறவைத்துத் தென்னை வட்டப்பாத்தியில் போடலாம். கரியாகவே மண்ணில் கிடக்கும் அந்தப் பங்கு மட்டும்தான் இந்தத் தொழிலில் நெடுங்காலம் காற்றுக்குத் திரும்பாமல் தங்கும் கார்பன். ஆக்டிவேட்டட் கார்பனாகப் போனது எங்கோ ஒரு வடிகட்டியில் தன் வேலையை முடித்ததும், உலையில் மறுபடி பதப்படுத்தப்படும் அல்லது எரிக்கப்படும் அல்லது குப்பைமேட்டுக்குப் போகும். பெரிய நீர்நிலையங்களில் மறுபதப்படுத்துகிறார்கள், ஒவ்வொரு முறையும் 5 முதல் 15 விழுக்காடு வரை எடை போகும். புதுக்கரி செய்வதைவிட அது எவ்வளவோ மேல். வீட்டுக் குடிநீர்க் கருவியின் குழாய்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு நம் ஊர்களில் இல்லை. ஆலைக் கழிவை உறிஞ்சிய கரியென்றால் அதுவே அபாயக் கழிவாகிவிடுகிறது.

கொழிஞ்சாம்பாறை வாசகி

மூடிய சூளை, தண்ணீர் இல்லாத ஆறவைப்பு என்று எழுத்தில் வந்தால் எங்கள் பக்கத்தில் எதிர்ப்பு இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் சூளை தொடங்குவதற்கு முன்பே இரண்டு பக்கத்துக் கிணறுகளிலும் தண்ணீர் எடுத்துப் பரிசோதித்து முடிவைப் பொதுவில் வையுங்கள். பின்னாளில் தண்ணீர் கெட்டால், முன்பே அப்படித்தான் இருந்தது என்ற பேச்சுக்கு இடமிருக்கக்கூடாது.

கோபாலபுரம் தோப்பு

ஒப்புக்கொள்கிறோம் அம்மா. ஆக்டிவேஷன் உலையை விட்டுவிட்டு, மூடிய சூளையில் கரி வரைக்கும் மட்டும் செய்வதாகத் திட்டத்தைத் திருத்தி எழுதச் சொல்லி ஆலோசகருக்கு அனுப்பிவிட்டோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வாங்காமல் அடிக்கல்கூட நடுவதில்லை என்றும் தீர்மானம் போட்டிருக்கிறோம். தண்ணீர் மாதிரியை எப்படி எடுக்க வேண்டும், எதையெல்லாம் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் யாராவது எழுதிவிடுங்கள்.

ஆய்வக மேசை

பீனால் சேர்மங்கள், வேதியியல் ஆக்சிஜன் தேவை, நிறம், அமிலகாரத் தன்மை, மொத்தக் கரைந்த உப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். பீனாலுக்குத் தனிக் கண்ணாடிப் புட்டி வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. ஆய்வகமே அமிலம் இட்ட புட்டியைத் தரும். அதைக் கழுவாமல் நேராக நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே கொண்டு போய்ச் சேர்த்துவிடுங்கள். ஆழ்துளைக் கிணறு என்றால் மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியிருந்த தண்ணீர் போன பிறகு பிடியுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறை, சித்திரையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போகும்போது இன்னொரு முறை எடுத்தால் போதும். சூளை வரவிருக்கும் இடத்திலிருந்து நிலம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கத்துக் கிணறுகளைக் கட்டாயம் சேருங்கள். உங்கள் ஊரில் அது மேற்கு, வாசகி அம்மாவின் பக்கம்.